அடிக்குறிப்பில் அவர் பெயர்

வெளியுறவுக் கொள்கை பற்றிய மூடிய கூட்டங்களில் மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் வேறு, சுவரோரம் உட்காருபவர்கள் வேறு. மேசைக்காரர்களுக்கு முன்னால் பெயர்ப்பலகை, ஒலிவாங்கி, தண்ணீர் பாட்டில் எல்லாம் இருக்கும். சுவர்க்காரர்களுக்கு நாற்காலி மட்டும். மடியில் கணினியை வைத்துக்கொண்டு, மேசையில் பேசப்படுவதைத் தட்டச்சு செய்ய வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் முதல் கூட்டத்தில் சுவரோரம் ஒருத்தி தும்மினாள். மேசையிலிருந்து திரும்பிய முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் ஆண்டுதோறும் அந்தக் கூட்டம் நடக்கும். ஓய்வுபெற்ற தூதர்கள், சீருடை இல்லாத கடற்படை அதிகாரிகள், பக்கத்து நாடுகளின் பேராசிரியர்கள் வருவார்கள். அறைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே கேட்டதை வெளியே பயன்படுத்தலாம். சொன்னவர் யார் என்று மட்டும் சொல்லக் கூடாது. அரசாங்கத்து ஆட்கள் பயமில்லாமல் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி. நல்ல விதிதான். முதலாண்டு மாணவர்களுக்கு இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கூட்டத்தை நடத்துவது எங்கள் ஆய்வு மையம். அதன் தலைவி ஒரு பேராசிரியை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். மற்றவர்களுக்குப் புரியாமல் என்னைக் குத்த வேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும். முனைவர் பட்டத்துக்கு நான் அவரிடம் சேர்ந்த அன்றே அந்தத் தமிழில் கேட்டார்:

"அப்பா என்ன வேலை?"

"ஹார்பர்ல, புரோஃப்."

"கிளார்க்கோ?"

"இல்ல புரோஃப். கப்பல்ல கண்டெய்னர இரும்புக் கம்பி போட்டுக் கட்டுறவரு."

"ஓ," என்றார். அதன் பிறகு எந்த வெளிநாட்டு விருந்தாளிக்கு என்னை அறிமுகப்படுத்தினாலும் அந்தக் கம்பியும் கூடவே வரும். "இவளுடைய அப்பா துறைமுகக் கூலி, நம்ப முடிகிறதா?" என்பார். விருந்தாளிகள் என்னைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார்கள். பிறகு அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பார்கள்.

என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் போனதில்லை, அவர் ஒரு பள்ளிக் கண்டீனில் தட்டுக் கழுவுகிறார். நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று எங்கள் குடும்பத்தில் பள்ளிக் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர்கூட வேறு யாரும் இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில், எங்களுக்குக் கீழ் மாடியில் அத்தை இருக்கிறார். என் படிப்பு என்ன படிப்பு என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"வெளிநாட்டு விசயம்தானே படிச்சிருக்க? எம்மவனுக்கு ஆஸ்திரேலியா விசா ஒண்ணு வாங்கிக் குடுக்க முடியாதா?"

"அத்த, அது எம்பசி வேல."

"அப்ப நீ என்னாதான் செய்யற?"

"எந்த நாடு எப்படிப் பேசுது, ஏன் அப்படிப் பேசுதுன்னு பாக்கறேன்."

"பேசறத கேக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?"

அப்பா தொலைக்காட்சியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அந்த வேலய ஒனக்குத்தான்க்கா குடுக்கணும். இந்த ஃப்ளாட்டுல எவன் வூட்டுல என்ன பேசறான்னு ஒனக்குத் தெரியாததா?"

அப்பாவுக்கு ஒரே கேள்விதான். "பெர்மனன் ஆயிட்டியா?" அவர் வாழ்நாள் முழுக்கக் குத்தகைக்காரர்களிடம் வேலை செய்தவர். கப்பல் வந்தால் வேலை. நிரந்தர வேலை என்பது அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரியது. ஒரு மனிதனைப் பார்த்து நாளைக்கு வராதே என்று யாரும் சொல்ல முடியாது என்பது. நான் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருந்தேன். அவரோ பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியில் தினமும் பார்க்கும் கூட்டாளிகள் எல்லாரிடமும், மகள் யூனிவர்சிட்டியில் பெர்மனன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர் சொன்ன பொய்யை நான் உண்மையாக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுக் கூட்டத்தில் மேசைக்காரர் ஒருவரின் விமானம் வரவில்லை. நிகழ்ச்சியில் ஓட்டை விழுந்தது. பேராசிரியை சுவர்ப்பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, "என் பெண் மூன்று நிமிடம் பேசுவாள்," என்றார். கம்பிக் கதையையும் சொன்னார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து பேசச் சுவரோரம் ஒலிவாங்கி இல்லை.

நான் சொன்னது இதுதான். ஒரு பெரிய நாடு தன் கப்பல்களைச் சிறிய நாட்டின் கடலுக்குள் அனுப்புகிறது. சிறிய நாட்டின் வெளியுறவு அமைச்சு அறிக்கை விடுகிறது. நாம் எல்லாரும் அறிக்கையின் சொற்களைப் படிக்கிறோம்: 'வருந்துகிறோம்' என்று இருக்கிறதா, 'கண்டிக்கிறோம்' என்று இருக்கிறதா என்று. சொற்களை விடுங்கள். அறிக்கை எப்போது வந்தது என்று பாருங்கள். உடனே வந்தால் அது சொந்த மக்களுக்காக. தாமதமாக வந்தால் இடையில் பேரம் நடந்திருக்கிறது. எவ்வளவு தாமதமோ அவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று பெரிய நாட்டுக்குச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதை அந்த மௌனத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வில் இது இல்லை. ஆய்வுக்காக அறிக்கைகளைப் படித்துப் படித்து, ஆய்வு முடிந்த பிறகு எனக்குத் தோன்றியது. நானாகக் கண்டுபிடித்தது.

மேசையில் இருந்த ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு டத்தோ பட்டம் உண்டு. "இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை. பேராசிரியை என் பக்கம் திரும்பி, "நன்றாக இருக்கிறது," என்றார். நான் உட்கார்ந்து, என் பேச்சை நானே தட்டச்சு செய்தேன். 'ஒரு பங்கேற்பாளர் கூறியதாவது' என்று தொடங்கினேன். விதி அப்படி.

சில மாதங்கள் கழித்துப் பேராசிரியையின் கட்டுரை வெளிவந்தது. முழுக்கத் தாமதம் பற்றியது. மூன்று உதாரணங்களை அவரே தேடி எடுத்திருந்தார். 'பினாங்கில் ஒரு மூடிய கூட்டத்தில் எழுந்த சிந்தனை' என்று ஒரு வரி இருந்தது. கடல் அலை எழுவதைப் போல அது தானாக எழுந்துவிட்டது.

அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். தமிழுக்கு மாறினார்.

"பிள்ளை, அறையில சொன்னதுக்கு ஆள் இல்லை. அதுதானே விதி?"

"நீங்க என்னப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னீங்க, புரோஃப்."

"நான் ஆருக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான்."

"அது நான் சொன்னது. டத்தோ ரெண்டு தடவ கேட்டாரு."

"எண்டால் டத்தோவிட்டப் போய்க் கேளும். அவர் சொல்லுவாரோ எண்டு பாப்பம்." பிறகு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உம்மட ஆக்கள் எப்பவும் இப்பிடித்தான். ஒரு சாமானைத் தூக்கினவுடன அது தங்கட எண்டு நினைக்கிறது."

என் ஆட்கள் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அவர் வீட்டில் யாரும் கப்பலில் எதையும் தூக்கியதில்லை.

அதே சமயத்தில் எங்கள் துறையில் ஒரு நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு ஆள் கேட்டார்கள். நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். தாமதம் பற்றி நான் விரிவாக எழுதி ஏற்கெனவே ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளரின் பதில் வந்தது. கட்டுரை நன்று, ஆனால் மையக் கருத்து அண்மையில் வேறொருவர் வெளியிட்டது. அவரைக் குறிப்பிட்டால் ஏற்கலாம் என்று. அந்த வேறொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுத்தால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் பதவி இல்லை. முதல் பக்கத்திலேயே அடிக்குறிப்பு போட்டேன். 'தாமதம் ஒரு செய்தி என்ற கருத்துக்குப் பார்க்க:' என்று எழுதி, முக்காற்புள்ளிக்குப் பிறகு அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன். கட்டுரை வெளிவந்தது.

நேர்முகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். வெளியாளாக அழைக்கப்பட்டிருந்தவர் அதே டத்தோ. ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன். துறைத் தலைவர் என் கட்டுரையைத் திருப்பினார்.

"இதில் உங்களுடையது எது?"

"கருத்தும் சான்றுகளும், சார்."

"கருத்து பேராசிரியையுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே."

"அந்தக் கருத்தை முதலில் சொன்னவள் நான். ஹோட்டல் கூட்டத்தில்."

ஒருவர் பேனாவை மூடினார். விதியை நான் மீறிவிட்டேன் என்பது அந்த மூடியின் சத்தத்தில் எனக்குக் கேட்டது. நான் டத்தோவைப் பார்த்தேன். "டத்தோ, நீங்கள் அந்த அறையில் இருந்தீர்கள்."

அவர் மிகவும் மரியாதையாகப் புன்னகைத்தார். "நான் எத்தனையோ அறைகளில் இருந்திருக்கிறேன்," என்றார்.

அந்த ஆண்டு பதவியை யாருக்கும் கொடுக்கவில்லை. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் எனக்கு வெறுக்க ஓர் ஆளாவது கிடைத்திருப்பார்.

வீட்டில் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொம்பள பேர நீயேதான் எழுதுனியா?"

"ஆமாப்பா."

"கைய புடிச்சா எழுத வச்சாங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து, "வுடுங்களேன், அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார்.

"நான் நாலு பேருகிட்ட சொல்லிட்டேன்லா!"

"சொல்லச் சொல்லி நான் கேக்கலியே."

"படிக்க வச்சவன்ட்ட இப்படித்தான் பேசுவியா?"

"நீங்க படிக்க வைக்கலப்பா. நான் படிச்சேன்."

அவர் எழுந்து கீழே போய்விட்டார். நான் சொன்னது உண்மை. அதனால்தான் அவருக்கு அப்படி வலித்தது. அம்மா அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. தட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டித்தார்கள். பேராசிரியையின் பாடம் ஒன்றை அவருக்குப் பதிலாக நான் நடத்த வேண்டியதாயிற்று. வாசிப்புப் பட்டியலில் அவருடைய கட்டுரையைச் சேர்த்திருந்தார். கெலுகோர் வளாகத்தில் குளிரூட்டி வேலை செய்யாத ஒரு வகுப்பறையில், என் எண்ணத்தை அவர் பெயரில் நானே பாடம் நடத்தினேன்.

பாடத்துக்காகக் கட்டுரையை மறுபடி படித்தபோதுதான் அவருடைய மூன்றாவது உதாரணத்தில் நின்றேன். ஒரு சிறிய நாடு பதில் சொல்ல மிகவும் தாமதித்ததாம். அது ஆழ்ந்த இராஜதந்திரச் சமிக்ஞையாம். அந்தத் தேதி எனக்குத் தெரிந்த தேதி. அந்த வாரம் முழுக்க அந்த நாட்டில் பெருநாள் விடுமுறை. அமைச்சு பூட்டிக் கிடந்தது. அறிக்கை எழுத வேண்டிய அதிகாரி சொந்த ஊர்க் கம்பத்தில் ரெண்டாங் கறி தின்றுகொண்டிருந்திருப்பார்.

அறிக்கைகளைச் சேகரித்தபோது விடுமுறையில் வந்தவற்றையெல்லாம் நான் கழித்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் யார் செய்தாலும் முதலில் செய்ய வேண்டியது அது. எங்களுக்கு எத்தனை பெருநாள்கள்! ஆனால் ஹோட்டலில் மூன்று நிமிடத்தில் அதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. என் கட்டுரையில் நான் கழித்ததை விளக்கியிருந்தேன். தன் பெயர் அடிக்குறிப்பில் வந்ததோடு திருப்தியடைந்து அவர் மேலே படிக்கவில்லை போலிருக்கிறது. அவருடைய இரண்டாவது உதாரணத்தையும் பார்த்தேன். அதுவும் நீண்ட விடுமுறையில் விழுந்திருந்தது. எனக்குத் தனியாக உட்கார்ந்து சிரிக்கும் பழக்கம் இல்லை. அன்று சிரித்தேன்.

மிகச் சிறிய மறுப்பு ஒன்று எழுதினேன். 'மதிப்புக்குரிய பேராசிரியை' என்றுதான் தொடங்கினேன். தேதிகளையும் விடுமுறைகளையும் அருகருகே வைத்தேன். ஆகவே தாமதத்தில் பொருள் தேடுவதற்கு ஆதாரம் போதாது என்று முடித்தேன். விடுமுறைகளைக் கழித்த பிறகும் கருத்து நிற்கிறது என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அது பேராசிரியையின் கோட்பாடு, ஓர் இளம் ஆய்வாளரால் திருத்தப்பட்டது என்று ஆகியிருக்கும். இப்போது அது அவர் பெயரில் இருந்தது. அவர் பெயரிலேயே சாகட்டும் என்று விட்டேன். அதோடு என் கட்டுரையும் செத்தது; அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

மறுப்பு வெளிவந்தது. எங்கள் தொழிலில் நீண்ட கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை; அடித்து வீழ்த்தும் இரண்டு பக்கத்தை எல்லாரும் படிப்பார்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவன் ஒருவன் வாசலில் நின்று, "சோரி மிஸ், இது இராஜதந்திரச் சமிக்ஞை," என்றான். வகுப்பு சிரித்தது. நானும் தடுக்கவில்லை.

அடுத்த ஹோட்டல் கூட்டத்தில் பேராசிரியை தலைமை தாங்கினார். தேநீர் வரத் தாமதமானது. பக்கத்து நாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஒலிவாங்கியை அழுத்தி, "இதில் பொருள் தேட வேண்டாம், சமையலறைக்கு விடுமுறையாக இருக்கும்," என்றார். மேசை முழுவதும் சிரித்தது. டத்தோ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியை சிரிக்க முயன்றார். உதடு ஒரு பக்கம் மட்டும் போயிற்று. தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், மூடி வரவில்லை. பக்கத்தில் யாரும் உதவவில்லை. நான் சுவரோரத்திலிருந்து 'சிரிப்பு' என்று தட்டச்சு செய்தேன்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு, நாற்காலிகளுக்கு நடுவே என்னை நிறுத்தினார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் என்னிடம் குத்தாமல் தமிழ் பேசியது அந்த ஒரு முறைதான்.

"பிள்ளை, அந்த விடுமுறை நாளெல்லாத்தையும் கழிச்சுப்போட்டுப் பாத்தனீரோ?"

"பாத்தேன், புரோஃப்."

"கழிச்சாப் பிறகும் அது நிக்குமோ?"

அவருடைய கண்களில் இருந்தது எனக்குப் புரிந்தது. அவர் அந்தக் கருத்தைத் திருடியிருந்தாலும் உண்மையாகவே நம்பியிருந்தார். நிற்கும் என்று நான் சொன்னால் போதும். திரும்பவும் எழுதி எழுந்துவிடுவார்.

"நிக்காது, புரோஃப்," என்றேன்.

தலையை ஆட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் போனார். நான் ஒலிவாங்கிகளைச் சேர்த்துப் பெட்டியில் வைத்தேன்.

இரண்டாம் நேர்முகத்தில் டத்தோ மறுபடியும் இருந்தார். இந்த முறை அவரே தொடங்கினார்.

"உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கருத்தில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. ஆக, தாமதத்துக்குப் பொருள் இல்லை என்கிறீர்கள்?"

"பொருள் இல்லை, டத்தோ. பெரும்பாலும் அலுவலகம் மூடியிருக்கும்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். பதவி கிடைத்தது.

அப்பாவிடம் சொன்னேன். "பெர்மனனா?" என்றார். "பெர்மனன்," என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார், சீக்கிரமே திரும்பி வந்தார். சொல்வதற்கு ஆள் இல்லை. ஃபெர்ரியிலும் கடைகளிலும் எல்லாரும் அதைப் பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார்கள். என்னோடு அவர் பழையபடி பேசுவதில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெரிய நாட்டின் கப்பல்கள் பக்கத்துச் சிறிய நாட்டின் மீன்பிடிக் கடலுக்குள் வந்து நின்றன. சிறிய நாடு வாயே திறக்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு தமிழ் நாளிதழ் நிருபர் கூப்பிட்டார்.

"மேடம், இன்னும் ஒரு வார்த்த பேசல அவங்க. இதுக்கு எதாச்சும் அர்த்தம் இருக்குமா?"

என் மேசையில் நாட்காட்டி இருந்தது. அந்த நாட்டில் அந்த வாரம் எந்தப் பெருநாளும் இல்லை. அந்த மௌனம் எவ்வளவு நீண்டுவிட்டது என்பதை வைத்து, யார் யாருக்கு எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்பதை அப்போதே என்னால் சொல்லியிருக்க முடியும்.

"அர்த்தம் ஒண்ணும் இல்லைங்க. அமைச்சுல ஆள் பத்தாம இருக்கும்."

"அப்படியே போட்டுக்கலாமா, மேடம்?"

"போடுங்க," என்றேன். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மறுநாள் என் படத்தோடு வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் சிறிய நாடு தன் மீனவர்களை அந்தக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நிருபர் மறுபடி கூப்பிட்டு, இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.